பழைய மரச்சாமான்களைச் செப்பனிடுதல்

மாந்தர் இல்வாழ்க்கைக்கு வேண்டப்படும் பொருள்களுள் மரத்தாலாயவை சிறப்புடையன. குழவிக்குத் தொட்டிலும், பயில்வார்க்கு மேசையும், முதியோர்க்குச் சாய்வு நாற்காலியுமாய் நம்முடன் நின்று உதவுவன அவையே. அங்ஙனம் உதவிய பொருள் பழமையுற்றவழி அதனை விறகென எறிதலும் தவறு. அதன் இயல்பறியாது செப்பனிடப் புகுந்து கெடுத்தலும் தவறு. இவற்றுள் பின்னதனை யாமே செய்து பட்டறிந்தோமாதலின், பழைய மரச்சாமானைத் தொடுமுன் அறிய வேண்டியன சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

எம் இல்லம் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அணித்தாயுள்ளது. ஆலைகளிற் பணிபுரிவார் பலர் வருவதும் போவதுமாக இருத்தலின், அவர் விட்டுச் செல்லும் கட்டிலும் மேசையும் பழைய சாமான் கடைகளிற் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சென்ற கோடை விடுமுறையில், பத்தாம் வகுப்பிற் பயிலும் எம் தங்கையின் பொருட்டு எந்தையார் அத்தகைய கடையொன்றினின்று தேக்கு மேசை ஒன்றை வாங்கி வந்தனர். மேற்பலகை கருத்திருந்தது, ஒரு கால் ஆடியது, நான்கு கால்களிலும் பச்சை வண்ணம் தடித்துப் படிந்திருந்தது. யாம் ஆர்வ மிகுதியால் அன்றே உப்புத்தாளை எடுத்து, முதலில் மேற்பலகையையும், பின்னர்க் கால்களையும் தேய்க்கத் தொடங்கினோம். பச்சைத் தூள் திண்ணையெங்கும் பறந்தது. அத்திண்ணையிலேதான் எம் தமக்கையின் மகவு தவழ்ந்துகொண்டிருந்தது.

அவ்வழியே வந்த அண்டை வீட்டு முதிய தச்சர், "தம்பீ, கையை நிறுத்து, முதலிற் குழந்தையைத் தூக்கு" என்றார். யாம் திகைத்து நின்றோம்.

அவர் கூறிய காரணம் இது. முற்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. அதன் தூள் உடலுட் புகின், வளரும் குழந்தையின் மூளைக்குத் தீங்கு விளைத்து, கற்கும் ஆற்றலைக் குறைக்கும். நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2016 இல் வகுக்கப்பெற்று, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணமாயின் ஈயம் உண்டெனக் கொண்டு ஒழுகுதலே அறிவுடைமை. அதனை உலர்ந்த நிலையில் தேய்த்தல் கூடாது. நீரால் நனைத்து, வீட்டிற்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நீக்க வேண்டும். துடைப்பத்தாற் பெருக்காது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தங்கை கற்பதற்கென வந்த மேசையால் மற்றொரு குழந்தையின் கல்விக்கு யாம் ஊறு செய்ய இருந்தமையை எண்ணி நாணினோம்.

அத்தச்சரிடம் அதன்பின் யாம் கற்றவற்றை முறையே தருவாம்.

முதலாவது, மரத்தை அறிதல். தேக்கு பொன்னிறம் கலந்த பழுப்பினது, எண்ணெய்ப் பசையுடையது. ஈட்டி கருஞ்சிவப்பானது. கருங்காலி நீரில் அமிழும் கனமுடையது. இவ்வறிவின்மை கற்றாரையும் மயக்கும். ஆங்கில எழுத்தாளராகிய ஹொரேஸ் வால்போல் (1717–1797) தம் ஸ்ட்ராபெரி ஹில் மனையிற் கருங்காலி நாற்காலிகளைச் சேர்த்து, அவை தம் நாட்டு டியூடர் அரசர் காலத்தன என நம்பினர். அவ்வகை நாற்காலிகள் 17 ஆம் நூற்றாண்டிற் சோழமண்டலக் கரைத் தச்சர் இயற்றியவை எனப் பிற்கால ஆய்வாளர் தெளிந்தனர். அக்கரையில் ஒல்லாந்தர் 1613 இல் கெல்திரியாக் கோட்டை எடுத்த பழவேற்காடு, எம் திருவள்ளூர் மாவட்டத்ததே.

இரண்டாவது, பூச்சியை அறிதல். சாமானின் அடியில் வெள்ளைத் தாளை விரித்துச் சில நாள் வைக்க. துளைகளினின்று புதிய மாவு உதிர்ந்திருப்பின் வண்டு உள்ளே உயிருடன் உளதென்க. அதனை ஒழித்த பின்னரே ஏனைய வேலையைத் தொடங்குக.

மூன்றாவது, மூட்டுகளை இறுக்குதல். ஆடும் காலில் ஆணி அறைதல் மரத்தைப் பிளக்கும். பழைய தச்சர் இட்ட வச்சிரம் வெந்நீரால் இளகும். ஆதலின் மூட்டினைப் பிளவுபடாது கழற்றி, பழம்பசையைத் துடைத்து, புதுப்பசை இட்டு, கயிற்றால் இறுகக் கட்டி ஒருநாள் விடுக.

நான்காவது, மெருகினை அறிதல். மறைவான ஓரிடத்தை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்க. மெருகு இளகி ஒட்டுமாயின் அஃது அவலரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அரக்கினின்று ஆவது அது. அவலரக்காயின் சுரண்ட வேண்டுவதில்லை. ஸ்பிரிட்டால் அழுக்கை நீக்கி, பஞ்சைப் பொதிந்த மெல்லிய துணியால் புதிய அரக்குக் கரைசலை நொய்தாகப் பலமுறை தடவினாற் போதும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. தேய்க்க நேரின், மரத்தின் வரியோட்டத்தின் வழியே தேய்க்க. குறுக்கே தேய்த்தால் கீறல் விழும்.

ஐந்தாவது, மாற்றுப்பலகையை ஆராய்தல். தொழிற்பேட்டையில் எறியப்படும் சரக்குப் பெட்டிகளின் பலகை இழுப்பறைக்கு உதவும். அயல்நாட்டுச் சரக்குடன் வருவனவற்றில் முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்பது வெப்பத்தாற் பூச்சி நீக்கியது, 'எம்.பி.' என்பது மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை ஊட்டியது. பின்னதை வீட்டினுட் சேர்க்கற்க.

யாம் கால்களின் வண்ணத்தைப் பின்னர்ச் சுரண்டவில்லை. பெயர்ந்த இடங்களை மட்டும் நனைத்து நீக்கி, மேலே புது வண்ணம் பூசினோம். மேற்பலகை அரக்கு மெருகால் ஒளி பெற்றது. ஆயினும், முதல் நாளில் யாம் குறுக்கே தேய்த்த கீறல்கள் அதன் இடப்பக்கத்தில் இன்றும் உள. தங்கை அவற்றின்மேல் நூலை விரித்துப் படிக்கின்றாள். யாம் அவற்றைக் காணுந்தோறும் தச்சர் கையை நிறுத்தச் சொன்னதே நினைவுக்கு வருகின்றது. பழம்பொருளைப் புதுக்க விரும்பும் மாணவ நண்பர்காள், உப்புத்தாளை எடுக்குமுன் அப்பொருள் யாதென வினவுங்கள்; அருகில் யார் உளர் என்பதனையும் நோக்குங்கள்.