கோரை விடாத உறை

கேள்வி: தாம்பரம் பக்கம் சிறு பட்டறை நடத்துகிறேன். ரப்பர்போல் மிருதுவான டி.பி.ஈ. பிளாஸ்டிக்கில் கைப்பிடி உறைகள் வார்க்கிறோம். உருப்படி, அச்சின் உள்பாகமான கோரிலேயே ஒட்டிக்கொள்கிறது. எஜெக்டர் பின் தள்ளினால் கிழிகிறது. பரிகாரம் உண்டா?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: கடினமான பிளாஸ்டிக்குக்கு ஏற்ற மெல்லிய பின்கள், அழுத்தத்தை ஒரே புள்ளியில் குவிப்பதால், மிருதுவான உருப்படியை வெளியே தள்ளாமல் அதற்குள்ளேயே புகுந்துவிடுவது இயல்பே, ஆகையால், விளிம்பு முழுவதையும் ஒரே சமயத்தில் தாங்கித் தள்ளும் ஸ்ட்ரிப்பர் பிளேட்டைப் பொருத்துவதும், கோரின் நுனியில் சிறு வால்வு அமைத்து அதன் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தி, உறையைச் சற்றே உப்பச்செய்து பிடியைத் தளர்த்துவதுமே உசிதம் என்பது என் அபிப்பிராயம். காற்று முதலில், பிளேட் பிறகு.

கோரைக் கண்ணாடிபோல் மெருகேற்றியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அநேகர் செய்வது அதுதான். மிருதுவான பொருள் அத்தகைய எஃகின்மீது இடைவெளியின்றிப் படிந்து, காற்றுப் புக மார்க்கமில்லாமல், வெற்றிடத்தால் பற்றிக்கொள்கிறது. ஸ்பார்க் மிஷினில் லேசாகச் சொரசொரப்பாக்கிய பரப்போ எளிதில் விட்டுவிடுகிறது. கோரின் சாய்மானமும் 3 பாகைக்குக் குறைய வேண்டாம். சிலிக்கோன் ஸ்பிரே தாற்காலிக உபாயமே. பின்னர் உறைமீது பெயர் அச்சிடுவது கஷ்டமாகும். ஸ்க்ரூடிரைவரால் நெம்புவதை இன்றே நிறுத்துங்கள். அவசியமானால் பித்தளைக் கோல் போதும்.

அச்சைத் திருத்துமுன், 1968-இல் தொடங்கிய, கிண்டியிலுள்ள சிப்பெட் என்னும் பிளாஸ்டிக் தொழில்நுட்ப ஸ்தாபனத்தாரிடம் வரைபடத்தைக் காட்டி யோசனை கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரே மின்சார ரயிலில் போய்விடலாம்.