வெள்ளைப்படுதல்: மறைக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம்



உம்மாவிடம் சொல்லவே கூச்சப்படும் விஷயம் இது; டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று பலரும் வருடக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். மகாராஷ்டிர மாநிலம் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங் குழுவினர் 2 கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ல் முடிவை வெளியிட்டனர். 92 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர்களோ 8 சதவீதம்தான்.

எது இயல்பு?

எலும்பு உருகித்தான் வெள்ளை படுகிறது என்பார்கள். அது உண்மையல்ல. பிறப்புறுப்பு தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வழியே இந்தக் கசிவு. நிறமில்லாமலோ வெள்ளையாகவோ, கெட்ட வாடையும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் அது நோயல்ல. இரண்டு மாதவிடாய்க்கு நடுவிலும், கர்ப்ப காலத்திலும் கூடுதலாகப் படும்.

உள்ளே வாழும் நல்ல கிருமிகள், தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அந்தப் புளிப்பு (பிஹெச் 3.8 முதல் 4.5 வரை) கெட்ட கிருமிகளை அண்டவிடாது. சாதாரண சோப்புக்கட்டியின் பிஹெச் 9, 10 வரை இருக்கும். சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் எதை உள்ளே விட்டுக் கழுவினாலும் இந்தக் காவல் உடைந்துவிடும். கடமையான குளிப்புக்கும் உள்ளே சோப்பு போட்டுக் கழுவ வேண்டியதில்லை. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினாலே போதும்.

தினமும் கவனிக்க வேண்டியவை

• கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். பிறகு ஈரத்தை ஒற்றி எடுங்கள்.
• நம் கடற்கரைப் புழுக்கத்துக்குப் பருத்தி உள்ளாடையே நல்லது. வியர்வையில் நனைந்தால் மாற்றிவிடுங்கள்.
• நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். துணி பயன்படுத்துவோர் சோப்பு போட்டு அலசி, வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். மற்றவர் கண்ணில் படக்கூடாதென்று இருட்டு மூலையில் ஈரமாகப் போட்டுவைப்பது நோயை வளர்க்கும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தயிர்த் திப்பி போல் படுவதும் அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும்; எனவே சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறமும் மீன் வாடையும் இருந்தால் அது வேறு தொற்று. மஞ்சள் அல்லது பச்சையாக நுரைத்து வருவது தாம்பத்தியத்தின் வழி பரவும் தொற்றாக இருக்கலாம். அதற்குக் கணவரும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும்; இல்லையென்றால் திரும்பவும் வரும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால், மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

அடிவயிற்று வலியும் காய்ச்சலும் சேர்ந்து இருந்தாலோ, தாம்பத்தியத்துக்குப் பின் ரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தாமதிக்காமல் செல்லுங்கள். அது கருப்பைவாய்ப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். 30 வயதைத் தாண்டியவர்கள் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும், தேசியத் திட்டப்படி 5 ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் புற்றுநோய்ப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

கீழவாஞ்சூரிலிருந்து காரைக்கால் அரசு பொது மருத்துவமனை தொலைவில் இல்லை. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. தனியாகப் போகத் தயங்கும் மருமகளுக்கு மாமியார் துணையாகப் போகட்டும். வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு எது இயல்பு, எது நோய் என்று உம்மாவே சொல்லிக்கொடுக்கட்டும்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக.