வான் ஏ.சி.க்குக் காஸ் நிரப்பும்போது தராசு எங்கே?

வாடகைக்கு வான் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் இன்று எம்மிடையே பல. வயலை விட்டு வந்தபின் கடன்பட்டு வாங்கிய வாகனம் அது. வைகாசி வெயிலில் ஏ.சி. குளிராவிட்டால் அடுத்த ஓட்டம் வேறொருவருக்குப் போய்விடும். அவசரமாகக் கராச்சுக்குப் போனால், "காஸ் குறைவு, கொஞ்சம் அடித்துவிடுவோம்" என்பார்கள். சில நாட்கள் குளிரும். பின்னர் பழைய கதைதான். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்பதே இம்முறை எமது பாடம்.

ஏ.சி. ஒரு மூடிய சுற்று. அதிலுள்ள காஸ் டீசலைப் போல எரிந்து தீர்வதில்லை. கொம்பிரசர் அதனை அமுக்கிச் சூடாக்குகிறது. கொண்டென்சரில் காற்றுப்பட்டு அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்பு ஒடுங்கிய வாயிலொன்றினூடாகக் குளிர்ச்சுருளுக்குள் சென்று, மீண்டும் ஆவியாகும்போது வானின் உள்வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. றபர்க் குழாய்களினூடாக ஆண்டுக்கணக்கில் சிறிதளவு கசிவது இயல்பே. ஆனால் சில மாதங்களில் குறைந்துவிட்டால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதனை அடைக்காமல் காஸ் ஊற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதற்குச் சமம்.

காஸின் அளவை கேஜைப் பார்த்துச் சொல்லிவிடலாம் எனப் பலர் நம்புகிறார்கள். இங்கேதான் பிழை நேர்கிறது. சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் உள்ளே அமுக்கம் பெரிதாக மாறாது. தூக்கிப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும். ஏ.சி.யும் அப்படியே. ஆர் 134 ஏ காஸ் உள்ள வான் ஓடாமல் ஆறி நிற்கும்போது, வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் என்றால், கேஜ் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 இறாத்தல் காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் அவ்வளவுதான், 900 கிராம் இருந்தாலும் அவ்வளவுதான். திரவம் ஒரு துளியாவது மிஞ்சியிருக்கும்வரை அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே. என்ஜின் ஓடும்போது கேஜ் பல கோளாறுகளைக் காட்டித்தரும். ஆனால் அப்போதும் வெயில், காற்றோட்டம், என்ஜின் வேகம் என்பவற்றோடு முள் ஏறி இறங்கும். கிராம் கணக்கு அதில் இல்லை.

காஸ் குறைந்தால் குளிர் குறையும், அதோடு நிற்காது. கொம்பிரசருக்கு வேண்டிய எண்ணெயைச் சுற்றிக் கொண்டுவருவதும் அந்தக் காஸ்தான். எண்ணெய் திரும்பாவிட்டால் கொம்பிரசர் சூடாகி இறுகிவிடும். கூடினாலும் ஆபத்தே. கொண்டென்சரில் திரவம் தேங்கி, வெப்பம் வெளியேற இடமின்றி அமுக்கம் ஏறும், குளிர் குறையும். குளிர் குறைவதைக் கண்டு இன்னும் அடிப்பவர்களும் உண்டு! திரவம் கொம்பிரசருக்குள் புகுந்தால் அது உடையவும் கூடும்.

சரியான அளவு வாகனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. என்ஜின் பகுதியிலோ முன்பக்க மூடியின் உட்புறத்திலோ ஒட்டியுள்ள சிறு தாளில் காஸின் வகையும் கிராம் அளவும் இருக்கும். யப்பானிலிருந்து பாவித்து வந்த வான்களில் எழுத்து விளங்காவிட்டாலும் இலக்கம் விளங்கும். பின் ஆசனங்களுக்கும் தனிக் குளிர்ச்சுருள் உள்ள வானுக்கு, முன்னால் மட்டும் உள்ளதைவிடக் கூடுதலாகத் தேவை. ஆகவே அயலவரின் வானுக்குப் போட்ட அளவு எமக்குப் பொருந்தாது.

கராச்சுக்குப் போகுமுன் கொண்டென்சரைப் பாருங்கள். செம்மண் வீதிகளில் ஓடும் வானில் தூசி அடைத்து, காஸ் சரியாக இருந்தும் குளிராமல் போவதுண்டு. தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிக் கழுவினாலே சிலருக்கு வேலை முடிந்துவிடும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, விசிறி சுழல்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

நிரப்பத்தான் வேண்டுமென்றால், உள்ளே மிஞ்சியதை வெளியே விடாமல் சிலிண்டரில் எடுத்துவிட வேண்டும். ஒரு கிலோ ஆர் 134 ஏ, சுமார் 1,400 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். பின்னர் கசிவை அடைத்து, வெற்றிடப் பம்பினால் அரைமணி நேரமாவது இழுக்க வேண்டும். உள்ளிருக்கும் காற்றும் ஈரமும் அப்போதுதான் நீங்கும். பம்பை மூடியபின் கேஜ் முள் அசையாது நிற்கிறதா என்று பாருங்கள். ஏறினால் கசிவு இன்னும் இருக்கிறது. அதன் பின்னரே சிலிண்டரைத் தராசில் வைப்பது. தாளில் 900 கிராம் என்றிருந்து, தராசு 10.450 கிலோ காட்டினால், 9.550 கிலோவுக்கு இறங்கும்போது நிறுத்த வேண்டும். குழாயில் தங்கும் சில கிராமையும் நல்ல மெக்கானிக் கணக்கிற் கொள்வார். என்ஜின் ஓடும்போது உயர் அமுக்கப் பக்கத்தைச் சிலிண்டருக்குத் திறக்கவே கூடாது, சிலிண்டர் வெடிக்கலாம்.

ஆர் 134 ஏ இருக்கும் இடத்தில் வேறு காஸைக் கலக்க விடாதீர்கள். மலிவென்று சமையல் காஸ் அடிக்கச் சொல்பவரிடமிருந்து வானை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஆட்கள் இருக்கும் இடத்துக்குள் அது கசிந்தால் ஒரு பொறி போதும். ஆர் 134 ஏ கூடத் தோலிலும் கண்ணிலும் பட்டால் உறையவைக்கும்.

வேலை முடிந்ததும் எத்தனை கிராம் ஏற்றப்பட்டது என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கி, அதனையே திகதியோடு அந்தத் தாளின் அருகே ஒட்டிவையுங்கள். அடுத்த ஆண்டு வெளியே எடுக்கும்போது 900 கிராமில் 600தான் கிடைத்தால், 300 கிராம் எங்கே போனதென்று மெக்கானிக்கிடம் கேட்கலாம்.