மானியம் யார் கைக்கு வரும்?

நம்பிக்கை: திருவாரூர் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். இங்கே தொழில் தொடங்க அனுமதி கிடைக்காது.

2020இல் வந்த சட்டம் ஒரு பட்டியலில் உள்ளவற்றைத்தான் தடுக்கிறது. துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், தோல் பதனிடும் தொழில், புதிதாக எண்ணெயும் எரிவாயுவும் எடுப்பது போன்றவை அதில் அடக்கம். நெல் அரவை ஆலையோ, முத்துப்பேட்டைப் பக்கத்துத் தேங்காயை நம்பிப் போடும் எண்ணெய்ச் செக்கோ அந்தப் பட்டியலில் இல்லை. மீத்தேன் எடுப்பதை எதிர்த்து ஊர் ஊராகப் போராடிய மக்களுக்குக் கிடைத்த சட்டத்தை மாவு மில்லுக்கு விரோதி ஆக்குவது என்ன நியாயம்? வேளாண் சார்ந்த சிறுதொழில்களுக்கு மாநில அரசின் முதலீட்டு மானியமும் இருக்கிறது.

நம்பிக்கை: மாவட்டத் தொழில் மையத்தில் மனுக் கொடுத்தால் கடன் தருவார்கள்.

மையம் விண்ணப்பத்தைப் பார்த்து வங்கிக்கு அனுப்பும், அவ்வளவுதான். கொடுப்பதும் மறுப்பதும் வங்கி. அறுவடை மாதங்களில் மில் ஓடும், ஐப்பசி அடைமழையில் தவணை எங்கிருந்து வரும் என்று மேலாளர் கேட்பார். வேறு ஊருக்கு எழுதிய திட்ட அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி எடுத்துப் போகிறவர்கள் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம்பிக்கை: 35 விழுக்காடு மானியம் என்றால் அவ்வளவு பணம் கைக்கு வரும்.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது இதுதான். 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் ஒரு பெண் 20 லட்ச ரூபாயில் எண்ணெய் ஆலை போடுகிறார். சொந்தப் பங்கு 5 விழுக்காடு, ஒரு லட்சம். மீதி 19 லட்சம் வங்கிக் கடன். மானியம் 7 லட்சம். அது அவர் பெயரில் அதே வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்புத்தொகையாகக் கிடக்கும். அதற்கு வட்டி வராது. கடனில் அந்த 7 லட்சத்துக்கு வட்டி போடவும் மாட்டார்கள். ஆக வட்டி 12 லட்சத்துக்கு மட்டும். ஆலை ஒழுங்காக ஓடுகிறதென்று நேரில் பார்த்து உறுதிசெய்த பிறகே மானியம் கடனில் கழியும். மானியம் வந்ததும் மகள் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பொதுப்பிரிவு ஆண்களுக்குக் கிராமத்தில் மானியம் 25 விழுக்காடு, சொந்தப் பங்கு 10.

நம்பிக்கை: நாற்பது தாண்டினால் கதவு மூடிவிடும்.

மாநில அரசின் சில திட்டங்களில் வயது வரம்பு உண்டு. மேலே சொன்ன பிரதமரின் திட்டத்தில் 18 நிரம்பியிருந்தால் போதும், உச்ச வரம்பு கிடையாது.

நம்பிக்கை: ஆள் வைத்தால்தான் காரியம் நடக்கும்.

விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் இல்லாமல். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவும் அப்படியே. ஆதார், பான் இருந்தால் செல்பேசியிலேயே முடித்துவிடலாம். அதற்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கிறவர் அரசுக்குக் கட்டப்போவது ஒன்றுமில்லை.