மேற்பூச்சும் மெருகும்

நுழையும்முன்

நெடுஞ்சாலையில் எதிர்ப்படும் லாரிகளுள் சில, பல்லாண்டு ஓடியும் புதியனபோல் ஒளிர்கின்றன. சில, ஈராண்டிலேயே வெளுத்துத் துருவேறி நிற்கின்றன. வெயிலும் மழையும் இரண்டுக்கும் பொதுவே. வேறுபாட்டின் பெரும்பகுதி, வண்டியைக் கழுவிய கைகளிடம் உள்ளது. துப்புரவு செய்வதாக எண்ணியே மேற்பூச்சைத் தேய்த்து அழிப்பவர் பலர்.

லாரிகளுக்குக் கூண்டு கட்டும் தொழிலில் நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் பெயர்பெற்றவை. அடிச்சட்டமாக வந்து சேரும் வண்டி, தச்சர், கொல்லர், பற்றவைப்பவர் எனப் பலர் கைபட்டு உருப்பெறுகிறது. இறுதியாக வருபவர் வண்ணம் பூசுபவர். பட்டி வைத்துப் பள்ளங்களை நிரப்பி, உப்புத்தாளால் இழைத்து, வண்ணமேற்றி, உரிமையாளர் பெயரையும் ஊர்ப்பெயரையும் பூக்கொடிகளையும் தூரிகையால் எழுதி முடிக்கிறார். வண்டி பட்டறையை விட்டு வெளியேறியதும் அவ்வண்ணத்தைக் காக்கும் பொறுப்பு ஓட்டுநருக்கும் அவருடைய உதவியாளருக்கும் உரியதாகிறது. அவ்வுதவியாளரை ஊரார் ‘கிளீனர்’ என்றே அழைக்கின்றனர். பெயரிலேயே பணி அமைந்திருந்தும், தூய்மை செய்யும் முறையை அவருக்கு ஒழுங்காகக் கற்றுத் தருவோர் அரியர்.

மயிரிழைப் பருமன்

தொழிற்சாலையில் வண்ணமிடப்பட்ட ஓட்டுநர் அறையின் தகட்டில் பல அடுக்குகள் உள்ளன. துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பின்னர் நிறப்பூச்சு ஆகியன அமைகின்றன. பெரும்பாலும் அவற்றின்மேல், ‘கிளியர் கோட்’ எனப்படும் நிறமற்ற ஒளிபுகு பூச்சு இடப்படுகிறது. இத்தனை அடுக்கும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் பருமனே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான் அடங்கும். அவ்வாறாயின், ஒளிபுகு பூச்சின் பருமன் தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. பட்டறையில் பூசப்படும் எனாமலில் பெரும்பாலும் இவ்வொளிபுகு பூச்சு இராது. நிறமே மேலடுக்காக நிற்கும்.

இம்மெல்லிய படலம் வெறும் அழகுக்கு உரியதன்று. இரும்பையும், நீரையும் உயிர்வளியையும் ஒன்று சேரவிடாமல் பிரித்து நிறுத்துவது அதுவே. ஓரிடத்தில் கீறல் இரும்புவரை இறங்கிவிட்டால் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே, சுற்றியுள்ள நல்ல பூச்சையும் அடியிலிருந்து தூக்கிக் கொப்புளமாக்குகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே துரு நெடுந்தொலைவு பரவியிருக்கும்.

கழுவுதல்

சாலைப்புழுதியில் மணல் உண்டு. மணலின் பெரும்பகுதி குவார்ட்சு. பொருள்களின் கடினத்தை அளக்க 1812ஆம் ஆண்டில் பிரெடரிக் மோஸ் அமைத்த அளவுகோலில் குவார்ட்சின் இடம் 7. சாதாரண இரும்பாணி அதற்கும் கீழேதான் நிற்கிறது. இரும்பையே கீறவல்ல துகளைப் பூச்சின்மேல் வைத்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது, உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். காலையில் வண்டியை எடுக்குமுன் தோளில் கிடக்கும் துண்டால் முகப்பைத் தட்டித் துடைக்கும் பழக்கமே, பூச்சுக்கு நேரும் கேடுகளுள் தலையாயது.

ஆகவே, முதலில் தொட வேண்டியது நீரே, துணியன்று. வண்டியை நிழலில் நிறுத்தித் தகடு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடான தகட்டில் சோப்புநீர் உடனே காய்ந்து கறையாகும். ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரானால், அதில் கரைந்துள்ள சுண்ண உப்புகள் வெண்புள்ளிகளாகப் படிந்து நின்றுவிடும். நிழலில் ஆறிய வண்டியின்மேல் கூரையிலிருந்து கீழ்நோக்கி நீரைப் பாய்ச்சினால் தளர்ந்த புழுதி தானே இறங்கும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் விசைநீரைப் பயன்படுத்துவோர் குழல்முனையை ஓரடிக்குக் குறையாத தொலைவில் பிடிப்பது நலம். வெடிப்புற்ற பூச்சின் விளிம்பில் அவ்விசை நேராகப் பட்டால் பூச்சு செதில் செதிலாகப் பெயரும்.

சக்கரங்களைத் தனி வாளி, தனித் துணி கொண்டு முன்னதாகவே கழுவிவிடுதல் வேண்டும். அங்குள்ள சேறும் தடைக்கட்டையின் இரும்புத்தூளும் மேனியைத் தொடும் துணியில் கலத்தல் கூடாது. பின்னர், இரண்டு வாளிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் வண்டிகளுக்கென விற்கும் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் வெறும் நீர். மென்மையான கையுறைத் துணியைச் ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு பகுதியைக் கழுவியதும், வெறும் நீரில் அலசி மண்ணை உதிர்த்த பின்னரே மீண்டும் ஷாம்பு நீரில் இட வேண்டும். வேலை முடிந்தபின் வெறும் நீர் வாளியின் அடியில் தங்கியிருக்கும் மணலைப் பார்ப்பவர், அடுத்தமுறை ஒற்றை வாளியோடு நிற்கமாட்டார்.

கையை வட்டமாகச் சுழற்றாமல் நேர்கோட்டில் நகர்த்துவதும், கூரையில் தொடங்கி அழுக்கு மிகுந்த அடிப்பகுதியில் முடிப்பதும் முறையாகும். முகப்பில் ஒட்டிய பூச்சிகளைச் சுரண்டாமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் போர்த்தி ஊறவைத்தால் அவை நெகிழ்ந்து வரும். துணி துவைக்கும் சோப்புத்தூள் முன்பு இட்ட மெழுகையும் கழுவிக்கொண்டு போய்விடும். டீசலில் நனைத்த துணியால் துடைத்தால் வண்டி அன்றைக்குப் பளபளக்கும். மறுநாளே அவ்வெண்ணெய்ப் பசையில் புழுதி அப்பிக்கொள்ளும். கதவோரத்து இரப்பரும் டீசலில் ஊதிக் கெடும். இறுதியில் தூய நீரால் அலசி, நீர் காயுமுன் மென்துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும்.

மெருகிடுதல்

பாலிஷ் என்பதும் மெழுகு என்பதும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். தொடக்கநிலையில் உள்ளோர் செய்யும் பிழைகளுள் பெரும்பான்மை இக்கருத்திலிருந்தே பிறக்கின்றன. பாலிஷ் பூச்சிலிருந்து எடுப்பது. மெழுகு பூச்சின்மேல் கொடுப்பது.

வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே திசையில் மீள்கிறது. அதையே பளபளப்பு என்கிறோம். நுண்கீறல்கள் நிறைந்த பரப்பில் ஒளி பல திசைகளில் சிதறுவதால் நிறம் மங்கித் தோன்றும். வெயிலில் நிற்கும் கரிய வண்டியின் கதவில், சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்ற வட்டங்கள் தெரிவதுண்டு. கீறல்கள் உண்மையில் வட்டமாக இருக்க வேண்டியதில்லை. எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்களுள், ஒளியைக் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டும் புலப்படுவதால் வட்டம்போல் தோன்றுகின்றன.

பாலிஷில் அலுமினிய ஆக்சைடு போன்ற மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் கலந்துள்ளன. அவை கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழம்வரை சுற்றுப்புறத்தைத் தேய்த்துச் சமன்செய்கின்றன. ஒவ்வொரு முறையும் பூச்சில் சிறிது குறைகிறது. குறைந்தது மீண்டும் வளராது. ஆகவே, மிக மென்மையான பாலிஷையே முதலில் ஓரிரு சாண் அளவுள்ள, கண்ணில் படாத ஓரிடத்தில் தேய்த்துப் பார்க்க வேண்டும். அதுவே போதுமானதாயின் அதற்குமேல் கடியதை நாடுதல் வீண். நகத்தை ஓட்டினால் தடுக்கும் அளவு ஆழமான கீறலைப் பாலிஷால் போக்க முயல்வது பூச்சையே இழக்கும் வழியாகும். கதவின் விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மிக மெல்லியது. அங்கே காகித நாடா ஒட்டி மறைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கழுவிய தகட்டைப் பாலிஷ் இடுமுன் தடவிப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. மெல்லிய நெகிழிப் பையைக் கையில் மாட்டிக்கொண்டு வருடினால், வெறுங்கைக்குப் புலப்படாத சொரசொரப்பும் தெரியும். தார்த்துளிகளும் இரும்புத்தூளும் ஒட்டியிருப்பதன் அடையாளம் அது. அவற்றை உரிய நீர்மமிட்டு நீக்கிவிட்டே மேலே செல்ல வேண்டும்.

பட்டறை எனாமலில் பாலிஷ் இடும்போது துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொள்ளும். வெயிலில் சிதைந்து சுண்ணப்பொடிபோல் வெளுத்த மேலடுக்கு நீங்குவதால் அவ்வாறு நிகழ்கிறது, அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், தூரிகையால் எழுதிய பெயர்களையும் பூக்கொடிகளையும் தொடாமல் விலகிச் செல்ல வேண்டும். எழுதிய கை மீண்டும் கிடைப்பது அரிது.

தெரிந்து தெளிவோம்

பிரேசில் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வளரும் கார்னோபா என்னும் பனையினமரம், கடும்வெயிலில் நீர் ஆவியாகாமல் தடுக்கத் தன் இலைகளில் மெழுகைச் சுரக்கிறது. இலைகளை உலர்த்தித் தட்டி அம்மெழுகை எடுக்கின்றனர். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் உருகும். கார்னோபா மெழுகு உருக 80 பாகைக்கு மேல் வேண்டும். வண்டி மெழுகிலும் காலணி மெருகிலும் அது இடம்பெறக் காரணம் இவ்வுறுதியே.

மெழுகிடுதல்

விருந்தில் வாழையிலையின்மேல் தெளிக்கும் நீர் பரவாமல் முத்துகளாகத் திரண்டு உருள்வதை அனைவரும் கண்டிருப்பர். இலையின் மேற்பரப்பில் இயற்கை பூசிய மெழுகே அதற்குக் காரணம். வண்டிக்கு இடும் மெழுகும் அவ்வாறே நீரைத் தங்கவிடாமல் செய்கிறது. பறவை எச்சமும் புழுதியும் நேரே பூச்சைப் பற்றாமல் மெழுகின்மேல் நிற்பதால், எளிதில் கழுவப்படுகின்றன.

மெழுகு மிகுந்தால் காப்பு மிகும் என்பது தவறு. மிகுதியானது துடைத்தெடுக்கப்படும், துடைக்கும் தோளுக்கே வலி. ஒரு கதவளவு இடத்தில் மெல்லியதாகத் தடவி, வெண்புகைபோல் படர்ந்து உலரும்வரை விட வேண்டும். விரலால் இழுத்துப் பார்க்கையில் தெளிவான கோடு விழுந்தால், மென்துணியால் துடைக்கலாம். கறுப்பு நெகிழிப் பகுதிகளில் மெழுகு பட்டால் வெண்கறை நிற்கும். புதிதாகப் பூசிய எனாமலுக்கு உடனே மெழுகிடலாகாது; உள்ளிருக்கும் கரைப்பான் முற்றும் வெளியேற ஏறத்தாழ ஒரு மாதமேனும் விட்டுவைத்தல் வேண்டும். துருவின்மேல் மெழுகிட்டு மறைப்பதும் பயனற்றது. துருவைச் சுரண்டி, அடிப்பூச்சும் நிறமும் இட்ட பின்னரே மெழுகுக்கு வேலை. முறை மாறி முதலில் மெழுகு பட்டுவிட்டால், அவ்விடத்தில் புதுப்பூச்சு ஒட்டாமல் உரியும்.

ஆயுத பூசையன்று ஏறக்குறைய எல்லா வண்டிகளும் கழுவப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. அதற்கு முன் மெழுகிட்டுவிட்டால், அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழைக்கும் அது காப்பாகும். பூசைக்குப்பின் உலர்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாமல் நீரில் ஊறவிட்டு அலச வேண்டும். மெழுகு நிலையானதன்று, ஓடும் வண்டியில் சில வாரங்களிலேயே தேயத் தொடங்கும். தெளித்த நீர் முத்தாகத் திரளாமல் படர்ந்து நின்றால், அடுத்த பூச்சுக்கு நாள் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.