பழைய கண்டென்சரை அடையாளம் காண்பது எப்படி?

மோட்டார் ‘உம்’ என்று உறுமுது, ஆனால் சுத்த மாட்டேங்குது. சிங்கிள் ஃபேஸ் பம்ப்செட்டில் இப்படி ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சரை. பாடப்புத்தகத்தில் மின்தேக்கி என்பார்கள். புதுப் பெட்டி என்றால் பிரச்சினை இல்லை. அப்பா காலத்து ஸ்டார்ட்டர் பெட்டி, பழையதாக வாங்கிய பேனல் என்றால்தான் உள்ளே இருப்பது என்னவென்று புரியாது.

வங்கியில் தேதி, தொகை, கையெழுத்து பார்க்காமல் காசோலையை பாஸ் பண்ண மாட்டோம். கண்டென்சரிலும் உருவம், அளவு, வோல்ட் மூன்றையும் பார்த்த பிறகே மாட்டுவது என் வழக்கம்.

தொடுவதற்கு முன்

மெயினை நிறுத்தி ஃபியூஸைப் பிடுங்குங்க. அதற்குப் பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் பண்ணாதீங்க. ஹோல்டரில் மாட்டிய 100 வாட் குண்டு பல்பின் இரண்டு ஒயரையும், செம்பில் கை படாமல், கண்டென்சரின் இரு முனைகளில் சில விநாடி வையுங்க. பிறகு மல்டிமீட்டரில் டி.சி. வோல்ட் பூஜ்ஜியமா என்று பாருங்க.

உருவம்

கறுப்பு பிளாஸ்டிக் உருளை, அதில் 100–120 போல வரம்பாக எண் இருந்தால் அது பெரும்பாலும் ஸ்டார்ட் கண்டென்சர். மோட்டார் கிளம்பும் ஓரிரு விநாடிக்கு மட்டும் வேலை செய்வது. அதை ரன் கண்டென்சர் இடத்தில் மாட்டினால் சூடாகி வெடிக்கும்.

அலுமினிய டப்பா அல்லது வெள்ளை பிளாஸ்டிக்கில், 36, 50 போல ஒரே எண், 440 வோல்ட் என்று இருந்தால் அது ரன் கண்டென்சர்.

கே.வி.ஏ.ஆர். என்று எழுதிய, மூன்று முனை கொண்ட தகரப் பெட்டி த்ரீ ஃபேஸ் லைனின் பவர் ஃபேக்டரைச் சரிசெய்வது. மோட்டாரைக் கிளப்புவது அதன் வேலை இல்லை. அதை ஒயர்மேனிடம் விட்டுடுங்க.

அளவும் வோல்ட்டும்

பழைய டப்பாக்களில் எம்.எஃப்.டி. என்றிருப்பது மைக்ரோ ஃபாரட்தான். பக்கத்தில் ‘ஜே’ எழுத்து இருந்தால் 5 சதவீதம், ‘கே’ என்றால் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 36 கே என்றால் 32.4 முதல் 39.6 வரை சரி.

மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதேதான் இருக்கணும். வோல்ட் கூடலாம், குறையவே கூடாது. 230 வோல்ட் லைனுக்கு 440 எதற்கு என்று கேட்பாங்க. மோட்டார் ஓடும்போது காயிலோடு சேர்ந்து கண்டென்சரின் மேல் லைனை விட அதிக வோல்ட் ஏறும். அதனால்தான்.

எழுத்து அழிந்திருந்தால் டப்பா பருமனை வைத்து ஊகிக்காதீங்க. மோட்டாரின் பெயர்ப்பலகையைப் பாருங்க. மோட்டார் நன்றாக ஓடும் நாளிலேயே ஒயர்மேனிடம் கிளாம்ப் மீட்டரால் ரன் கண்டென்சர் ஒயரின் ஆம்பியரையும், அதன் இரு முனை வோல்ட்டையும் அளக்கச் சொல்லுங்க. ஆம்பியரை 3183-ஆல் பெருக்கி வோல்ட்டால் வகுத்தால் மைக்ரோ ஃபாரட் கிடைக்கும். 4 ஆம்பியர், 350 வோல்ட் என்றால் சுமார் 36. அதைப் பேனல் கதவின் உட்புறம் பெயிண்டால் எழுதி வையுங்க.

எண்ணெய் கசியும் பெட்டி

மிகப் பழைய தகரக் கண்டென்சர்களில் சிலவற்றில் பி.சி.பி. என்ற ரசாயன எண்ணெய் உண்டு. அஸ்கரெல், அரோக்ளோர், குளோஃபென், பைரனால் என்ற பெயர்கள் பலகையில் இருந்தால் அதுதான். அமெரிக்கா 1979-இல் இதன் தயாரிப்பைத் தடை செய்தது. 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலிலும் இது இருக்கிறது. மண்ணில் எளிதில் மக்காது. மாட்டின் கொழுப்பில் சேர்ந்து பாலிலும் வரும்.

ஆகவே தகரத்துக்காக வெட்டாதீங்க, எரிக்காதீங்க, கரையானுக்கு என்று அந்த எண்ணெயை மரத்தில் பூசாதீங்க. கையுறை போட்டு எடுத்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் சிமெண்ட் தரையில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்க. பெயர் தெரியாத எண்ணெயையும் இப்படியே நடத்துங்க. பத்து வருஷம் தொழு உரம் போட்டுத் தேற்றிய மண், ஒரு குவளை எண்ணெயில் கெட்டுவிடக் கூடாது.