வந்தவரும் இருப்பவரும்: கூட்ட வெறி பற்றி இஸ்லாம்

 

2023 மார்ச் மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறெங்கோ, வேறு காரணங்களுக்காக நடந்த சம்பவங்களின் காட்சிகள் அவை. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழுவும் நேரில் விசாரித்தது. அந்த வீடியோக்கள் பொய் என்பது உறுதியானது. அதற்குள் பயந்துபோன பலர் ரயிலேறிவிட்டார்கள்.

பொய் ஏன் இவ்வளவு எளிதாக எடுபடுகிறது? உள்ளத்தில் ஏற்கெனவே இருக்கும் பயத்துக்குப் பொருந்தினால், மனிதன் ஆதாரம் கேட்பதில்லை.

1970-களின் தொடக்கத்தில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியல் அறிஞர் இங்கிலாந்தில் பள்ளி மாணவர்களை அற்பக் காரணம் சொல்லி இரு குழுக்களாகப் பிரித்தார். அவர்களுக்குள் முன்பகை எதுவும் இல்லை. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தம் குழுவுக்கே அதிகம் கொடுத்தார்கள். தமக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூடுதலாக இருந்தால் போதும் என்றுகூட நினைத்தார்கள். அரசியல்வாதி புதிதாகப் பகையை உருவாக்க வேண்டியதில்லை. இந்தக் குணத்தைத் தூண்டிவிட்டாலே போதும்.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே இது நடந்தது. ஒரு பயணத்தில் முஹாஜிர் ஒருவர் அன்சாரி ஒருவரை அடித்துவிட்டார். இவர் அன்சாரிகளை அழைத்தார், அவர் முஹாஜிர்களை அழைத்தார். இது ஜாஹிலிய்யாவின் அழைப்பு, துர்நாற்றமானது, விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். சிந்தியுங்கள்! முஹாஜிர், அன்சார் இரண்டும் குர்ஆன் புகழ்ந்த பெயர்கள். அவற்றையே ஆள் சேர்க்கும் கூச்சலாக்கியபோது அது ஜாஹிலிய்யா ஆனது.

உடனே முனாஃபிக்குகளின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை அதைப் பயன்படுத்தினான். மதீனா திரும்பியதும், வந்தேறிகளை வெளியேற்றுவோம் என்றான். அவனது பேச்சை அல்லாஹ் சூரத்துல் முனாஃபிகூனில் அம்பலப்படுத்தினான்.

இனி நம் ஊருக்கு வருவோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் காண்ட்ராக்ட் வேலை பறிபோன நம் பிள்ளை, "வடக்கன் வந்துதான் என் வேலை போச்சு" என்கிறான். அவன் வேதனை உண்மையானது. ஆனால் கூலியையும் காண்ட்ராக்டையும் முடிவு செய்பவர், பக்கத்து அறையில் எட்டுப் பேரோடு படுத்திருக்கும் அந்தத் தொழிலாளி அல்லவே! வலியவர்மீது வர வேண்டிய கோபம் எளியவர்மீது திரும்புகிறது. இருவரும் பிரிந்து நின்றால் லாபம் யாருக்கு?

அதே சம்பவத்தில் நபியவர்கள் வழியும் காட்டினார்கள். சகோதரனுக்கு உதவுங்கள், அவன் அநியாயம் செய்பவனாக இருந்தால் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்றார்கள். ஆகவே, "இவன் நம்ம ஆளா?" என்று முதலில் கேட்காதீர்கள். "யார் அநியாயம் செய்கிறார்?" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை, சூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுவது போல், விசாரிக்காமல் அனுப்பாதீர்கள். ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்கும் பீகார், அஸ்ஸாம் சகோதரரிடம் ஸலாம் சொல்லிப் பெயரைக் கேளுங்கள். முஸ்லிம் அல்லாத தொழிலாளிக்கும் நீதி கடமைதான். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்யக்கூடாது என்பது சூரத்துல் மாயிதாவின் எச்சரிக்கை.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களைக் கூட்ட வெறியிலிருந்து பாதுகாத்து, நீதியின்மீது நிலைநிறுத்துவானாக! ஆமீன்.